பெயர் எழுதிய சீட்டு

மல்லாங்கிணறு
14.8.1991

அன்புள்ள ஈவாவுக்கு,

இங்கே இன்னும் மழை இல்லை. பாடகர் குழுவுக்குப் புது வெள்ளைச் சேலை வந்திருக்கிறது. உன்னுடையதை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

இதைச் சொல்லவா பேனாவை எடுத்தேன்? நீ சாப்பிடாமல், காரணம் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டு படுத்தே கிடந்தாயே, அந்த வாரம் உனக்காக ஜெபிக்கச் சொல்லிக் கோயில் பெட்டியில் சீட்டுப் போட்டது நான்தான். பெயர் இருந்தால்தான் ஜெபம் போய்ச் சேரும் என்று நினைத்துப் பெயரையும் எழுதிவிட்டேன். போதகர் அதைச் சபை நடுவில் வாசித்தார். உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் அதன்பிறகு வரவே இல்லை. "அந்தப் பிள்ளைக்கு மனசு சரியில்லையாம்ல" என்று கோயில் பாயில் உன் பக்கத்தில் உட்காருவதையும் சபையார் விட்டார்கள். உன் அம்மா உன்னை அருப்புக்கோட்டைக்கு, அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டீச்சர் ட்ரெயினிங் முடித்த வருடம் எனக்கும் இதேதான் இருந்தது. தலைவலி என்று ஊருக்குச் சொன்னேன். உனக்கு மட்டும் தெரியும். ஒன்றும் கேட்காமல் தினமும் வந்து எனக்குத் தலை பின்னிவிட்டுப் போனாய். யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு இன்னொரு சீட்டுப் போட்டேன். என் பெயரையும், எனக்கு இருந்தது தலைவலி இல்லை என்பதையும் எழுதி. போதகர் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"வாசிங்கய்யா," என்றேன்.

இப்போது பாயில் என் பக்கத்திலும் யாரும் உட்காருவதில்லை. இடம் தாராளமாக இருக்கிறது. வா.

உன்னிடம் தலை பின்னிக்கொண்டவள்