லாபம் இருக்கிறது, வாடகைக்குப் பணம் இல்லை

ஜூன் 3

எங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார் ஆசிரியர். வாரம் ஒரு பணச் சொல்லை விளக்க வேண்டும். "அகராதி மாதிரி எழுதாதீங்க மேடம். பசங்க பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிடுவாங்க."

முதல் சொல் 'லாபம்'. வரவில் செலவைக் கழித்தால் மிஞ்சுவது. எதை எழுதினாலும் யாரிடமாவது வாசித்துக் காட்டி, அவர் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே அச்சுக்கு அனுப்புவது என் வழக்கம். இன்று சிக்கியவள் என் மகள், வாலு.

"எங்களுக்கேவா? நாங்க கடையே நடத்துறோம்மா."

உண்மைதான். அவளும், கண்ணாடி போட்டிருப்பதால் 'கண்ணாடி' என்றே பெயராகிவிட்ட வகுப்புத் தோழியும் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டு மூன்று மாதமாகிறது. மெஷின் வாடகைக்கு எடுத்தது. திருப்பிச் சொன்னாள், சரியாகத்தான். அனுப்பிவிட்டேன்.

ஜூன் 10

'பணவீக்கம்'. ஆசிரியர் ஒரு திருத்தமும் போடவில்லை. படித்தாரா என்றே சந்தேகம்.

ஜூன் 19

ஓர் உதாரணம் தேடி வாலுவின் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். ஒருவன் முப்பது பக்கம் எடுத்துக்கொண்டு, "எழுதிக்கோ" என்று போனான். அடுத்தவளும் "எழுதிக்கோ". கல்லாவில் சில்லறைதான் கிடந்தது.

மெஷின்காரர் வந்திருந்தார். "ரெண்டு மாச வாடகை நிக்குது. முப்பதாம் தேதிக்குள்ள வரலேன்னா வண்டியோட வந்து மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் கோவிச்சுக்காத பாப்பா."

அவர் போனதும் கண்ணாடி என்னிடம், "லாபத்துலதான் ஆன்ட்டி இருக்கோம்! கணக்குப் போட்டுப் பாத்தாச்சு."

"அப்ப வாடகை?"

கண்ணாடி பாக்கி நோட்டை எடுத்து நீட்டினாள், பக்கம் பக்கமாகப் பெயர்கள். வாலுதான் சொன்னாள்: "கூடப் படிக்கிறவங்ககிட்ட எப்படிம்மா காசு கேக்குறது? நாளைக்கு அவங்க மூஞ்சில முழிக்க வேண்டாமா?"

நான் எழுதிய 'லாபம்' பிழையில்லாதது. அதை வைத்து வாடகை கட்ட முடியாது என்று மட்டும் எழுதவில்லை.

ஜூன் 20

வங்கியில் இருக்கும் வைப்புத்தொகையை உடைத்துக் கொடுத்துவிடலாமா? கொடுத்தா என்ன, பெத்த பொண்ணுதானே! முதன்முதலா அதுவா ஒரு காரியம் பண்ணுது — அதையும் வண்டியில ஏத்திட்டுப் போறதை நான் நின்னு பாக்கணுமா?

கேட்டேன். வேண்டாம் என்றாள். "உன்கிட்ட வாங்கினா அதுவும் கடன்தான். அடுத்த மாசமும் இதே நிலைமைன்னா அப்ப யார்கிட்டப் போறது?"

ஜூன் 23

கடை முகப்பில் ஓர் அட்டை தொங்குகிறது, வாலுவின் கோணல் எழுத்தில்: 'நூறு பக்கத்துக்கு முன்பணம் கட்டினால் நூற்றுப்பத்துப் பக்கம். பழைய பாக்கியை அதிலேயே கழித்துக்கொள்வோம். எழுதிக்கொள்வது இன்றோடு நிறுத்தம்.'

"பத்து பக்கம் ஓசியா? நஷ்டம்டி!" கண்ணாடி குதித்தாள்.

"லாபம் கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான். காசு முன்னாடியே வரும்ல? யாரையும் போய்க் கேக்கவும் வேண்டாம்."

எனக்குள் இருக்கும் நிருபர் சும்மா இருப்பாளா? முன்பணம் இன்னும் உங்கள் வருமானம் இல்லை, பக்கத்தைக் கொடுத்து முடிக்கும்வரை அதுவும் கடன்தான் என்றேன்.

"தெரியும்மா. பேப்பருக்கும் இங்க்குக்கும் ஆகுறதைத் தனி டப்பால போட்டுடுறோம். அதுல கை வைக்க மாட்டோம்."

இந்த முறை அவளைத் திருப்பிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை.

ஜூன் 28

வாடகைக்குப் பாதிகூடத் தேறவில்லை. இரண்டு பேர் முறைத்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்களாம்.

ஜூன் 30

காலையில் தேர்வு அட்டவணை வந்துவிட்டது. நான் போனபோது நோட்ஸ் நகலெடுக்க வந்தவர்களின் வரிசை சாலையைத் தொட்டிருந்தது. பக்கத்திலேயே மெஷின்காரரின் வண்டி, பின்கதவு திறந்தபடி.

உள்ளே போனால் மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மெஷினுக்குள் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருக்கிறார்.

"என்ன சார், தூக்கிட்டுப் போக வந்தீங்கன்னு நெனச்சேன்."

"அதுக்குத்தான்மா வந்தேன். இந்தக் கூட்டத்துக்கு நடுவுல எங்க தூக்குறது? இது ஓடினாத்தானே எனக்கும் வாடகை வரும்." பிறகு வரிசையைப் பார்த்து ஓர் அதட்டல்: "தள்ளாதீங்கப்பா! காசைக் கையில எடுத்து வச்சுக்கங்க!"

எங்கள் யாருக்கும் வராத குரல் அது. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் இரண்டு மாத வாடகையையும் எண்ணி வாங்கிக்கொண்டு காலி வண்டியோடு போனார்.

ஜூலை 2

கைக்குக் காசு வந்து போகும் கணக்கான 'ரொக்க ஓட்டம்' எழுதினேன். லாபத்தில் இருக்கும் கடையும் ஏன் மூட நேரலாம் என்று. அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆசிரியர் கூப்பிட்டு, "இது யார் கடை மேடம்?" என்றார். படிக்கிறார்தான்.

ஜூலை 21

தேர்வு முடிந்துவிட்டது. கடையில் ஈ ஓட்டுகிறார்கள். ஆனாலும் இந்த மாத வாடகையைக் கட்டிவிட்டார்கள்.

இன்று மெஷின்காரர் கலர் மெஷின் ஒன்றைப் பற்றிச் சொல்ல வந்தார். மாதத் தவணையில் தருகிறாராம். கண்ணாடிக்குக் கண் விரிந்துவிட்டது. வாலு அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "ரெண்டு மாச வாடகை தனியா சேரட்டும் அண்ணா. தொட வேண்டாத காசா. அப்புறம் பேசலாம்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சரி பாப்பா. அதுவரைக்கும் வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."