லைன் முடிகிற இடம்

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகலாமென்று பெட்டியைத் திறந்து கம்பளிச் சட்டையை எடுத்தேன். அடியில் அந்தக் கேள்வித்தாள் கிடந்தது. ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: ‘பஸ் ஸ்டேஷன். நீலம்.’ அதன் குறுக்கே என் பேனாக் கோடு. உன் எழுத்து மங்கிப் போயிருக்கிறது, என் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. நம் தேயிலைத் தோட்டத்து மலையில், காரில் போய்க்கொண்டே குறிப்புகளுக்கு விடை கண்டுபிடிக்கும் புதையல் போட்டி. ரிங்லெட்டில் புறப்பட்டு, கோலா தெர்லா வரை போய், திரும்பி தானா ராத்தா கிளப்பில் முடிக்க வேண்டும். தோட்டத்து வெள்ளைத் துரைமார்களின் கார்களுக்கு நடுவே, ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் காரும் ஒன்று. ஓட்டுவதற்கு நீ, ஆங்கிலம் படித்துச் சொல்வதற்கு நான். ஐந்தாம் பாரம் தேறி ஆபீசில் சேர்ந்த புதிது, கால் தரையில் பாவவில்லை எனக்கு. நீ தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவன். லைசென்ஸ் இருந்தும் தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்து அள்ளிக்கொண்டிருந்தாய்.

“ஜெயிச்சிட்டு வாங்க. துரைகிட்ட சொல்லி உன்ன ஆபீஸ் டிரைவரா போடறேன்” என்று பெரிய கிராணி உன்னிடம் சொல்லியிருந்தார். டிரைவருக்குச் சாலையோரத்தில் தனி வீடு உண்டு. நம் தொழிலாளர் லயத்தின் வரிசை வீடுகளில் வருஷம் முழுக்கச் சுவர் ஈரம், உன் மகளுக்கு இழுப்பு. உனக்கு வேண்டியிருந்தது காய்ந்த சுவர் ஒன்றுதான்.

அன்று காலை நான் மொழிபெயர்த்தேன், நீ கண்டுபிடித்தாய். ‘கூவாத சேவல் எதை விற்கிறது’ என்றதும், சீனர் கடைச் சுவரில் சேவல் படம் போட்ட தீப்பெட்டி விளம்பரத் தகரத்தைக் காட்டினாய். கடைசிக் கேள்வி வரைக்கும் நமக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தக் கடைசிக் கேள்வி, ‘லைன் முடிகிற இடத்தில் கதவு என்ன நிறம்?’

“நம்ம லயத்துக்கு விடு. லயத்தத்தான இங்கிலீஷ்ல லைன்னு சொல்றாங்க. கடைசி வீட்டுக் கதவு” என்றேன்.

“துரைங்க லயத்துக்கு எதுக்குடா வரப் போறானுங்க? இது பஸ் லைன்லா. தாப்பாவுலேர்ந்து ஏறி வர்ற பஸ்ஸு தானா ராத்தாவுலதான நிக்குது. அங்க டிக்கெட் ரூம் கதவு நீலம்” என்று சொல்லி ஓரத்தில் எழுதினாய்.

“இங்கிலீஷ் நீ படிச்சியா, நான் படிச்சனா?” என்று கேட்டு அதை அடித்தேன்.

படித்து என்ன? லைன் என்ற சொல்லைக் கண்டதும் என் புத்திக்கு எட்டியது நான் பிறந்த பத்தடி அறைதான். நீயும் அதே லயத்தில்தான் பிறந்தாய். ஆனால் உன் கண் சாலையில் இருந்தது. லயத்துக் கடைசி வீட்டுக் கதவு பச்சை என்று எழுதிக்கொண்டு கிளம்பினோம். பஸ் ஸ்டேஷனைத் தாண்டும்போது நீ காரை மெதுவாக்கி என்னைப் பார்த்தாய். கதவு நீலமாகத்தான் இருந்தது. “ஓட்டு” என்றேன்.

ஒரே ஒரு கேள்வியில் தோற்றோம். கிளப்பில் நம் விடையை உரக்கப் படித்துச் சிரித்தார்கள். வெளியே வந்த பெரிய கிராணி கேட்டார்: “எவன்டா லயத்துக்குப் போகச் சொன்னது?”

நான் குனிந்து என் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தேன்.

“நான்தாங்கையா. இவன் வேற சொன்னான், நான்தான் கேக்கல” என்றாய்.

திரும்பும் வழியில், “உனக்கு இப்பதான வேலை கெடச்சிருக்கு, போவட்டும் விடு” என்றாய். உன்னை அன்றுதான் நான் வெறுக்கத் தொடங்கினேன். யார் கேட்டார்கள் உன் பெருந்தன்மையை? நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். அடுத்த வருஷம் மகளைத் தூக்கிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கினாய், மர லோரி ஓட்டினாய். எண்பதுகளில் நான் பெரிய கிராணியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலே வரும்போதெல்லாம் ஆபீஸ் வாசலில் ஹார்ன் அடிப்பாய். நான் தலையை நிமிர்த்தியதே இல்லை.

கேள்வித்தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேற்று தாப்பாவுக்குப் போனேன், உன் மகளிடம் கொடுத்துச் சொல்லிவிடலாமென்று. அவளுக்கு இன்னும் இழுப்பு இருக்கிறது. பேச்சுக்கு நடுவே நிறுத்தி, மருந்துக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தாள்.

“அப்பா ஒங்களப் பத்திப் பெருமையா பேசுவாரு மாமா. ‘அவன் சரியாத்தான் சொன்னான், நான்தான் பேச்சக் கேக்காம லயத்துக்கு விட்டுட்டேன்’னு சொல்லிச் சிரிப்பாரு. அது என்னா கேள்வி மாமா?”

வீட்டில்கூட உண்மையைச் சொல்லாமல் போய்விட்டாயே, பாவி.

தாள் பைக்குள்தான் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, “மறந்துபோச்சும்மா” என்றேன்.