அரண்மனைச் சுவரில் உன் உள்ளங்கை

என் உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது. கழுவலாம் என்று குழாயடி வரை போய் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் சுரங்கத்துக்காரர்கள் மாற்றாகக் கொடுத்த மனையில் மகன் கட்டிய வீடு இது. நல்ல வீடுதான். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நாளைக் காலை நம் வீட்டை இடிக்கிறார்கள்.

சுரங்கம் நம் தெருவுக்கும் வந்துவிட்டது. முதலில் நீ பிறந்த வீடு போனது. இப்போது நீ வாழ்ந்து கண்மூடிய வீடு.

மதியம் சுரங்கத்தில் வெடி வைத்தால் நம் வீடு ஒரு குலுங்கு குலுங்குமே. எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் நீ கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாய், பாத்திர அலமாரிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொள்வாய். "நீ புடிச்சாதான் சுவரு நிக்குமா?" என்று கேலி செய்வேன். "இத்தினி நாளா நின்னுகினுதானங்க இருக்குது?" என்பாய்.

மகன் ரோமில் வேலையில் இருந்தபோது நம்மைக் கூப்பிட்டான். பாலட்டைன் குன்றின் மேல் பழைய ராஜாக்களின் அரண்மனை. கூரையெல்லாம் போய்ச் செங்கல் சுவர்கள் மொட்டையாக நின்றன. ராஜா விருந்து வைத்த கூடத்தில் புல் முளைத்திருந்தது. தொப்பி போட்ட கூட்டம் ஒன்று கொடி பிடித்தவர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கால் வலி, எப்போது காபி கிடைக்கும் என்றிருந்தது. நீயோ ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, "இதான் அடுப்படியாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய்.

உச்சி வேளையில் 'டம்' என்று ஒரு சத்தம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குன்றில் தினமும் பீரங்கி சுடுவார்களாம். நமக்கு எங்கே தெரியும்? நான் திரும்புவதற்குள் நீ கயிற்றைத் தாண்டிப் போய், ராஜா வீட்டுச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாய். காவலாளி கத்திக்கொண்டே ஓடி வந்தார். "அம்மா, கையை எடும்மா! எல்லாரும் பாக்குறாங்க" என்று மகன் கூசிப்போனான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நீ சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் கேட்டாய்: "இடிஞ்ச வூட்டுக்கு இத்தினி காவலு போட்டுகினு இருக்காங்க. எங்கெங்கிருந்தோ வந்து பாக்குறாங்க. எங்கம்மா வூடு இருந்த எடத்த நான் யாருக்குங்க காட்டுறது?"

அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்று திரும்பிக்கொள்ள இடமில்லை. நம் வீடு மொட்டைச் சுவராகக்கூட மிஞ்சாது, குழியாகிவிடும். குழியைப் பார்க்க யார் டிக்கெட் வாங்கி வருவார்கள்? கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தச் சுரங்கத்தில் நான் வாங்கிய சம்பளத்தில் கட்டிய வீடுதானே அது.

இன்று கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றையும் பெயர்த்து டெம்போவில் ஏற்றியாயிற்று. "போலாம்ப்பா" என்று மகன் கடைசிப் பெட்டியைத் தூக்கினான். சங்கு ஊதியது. பெட்டியை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினான். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். உன் அலமாரி இருந்த இடம் மட்டும் கரி படியாமல் வெளுத்துக் கிடந்தது. அங்கே இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான். விழுவதற்கு அந்த வீட்டில் ஒரு டம்ளர்கூட இல்லை.

கையை எடு என்று நான் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் போய் என் கைகளையும் வைத்தேன். வெடித்தது. சுவர் நின்றது.

அந்தச் சுண்ணாம்புதான் இது.