சொன்ன வாயாலேயே

தங்கச்சியின் மகள் பெருநாளுக்கு எடுத்த சல்வாரை நேற்று என் மடியில் விரித்துக் காட்டினாள். இன்னும் தண்ணீர் படாத புதுத் துணியின் காரமான வாசம் மூக்கில் ஏறியதும் என் கண் கலங்கிவிட்டது. "எனத்துக்கு பெரியும்மா அழுறீங்க?" என்று பிள்ளை பயந்துபோய்க் கேட்டாள். "ஒரு கூட்டாளிய நெனச்சிட்டன் மகள்" என்றேன். இரத்மலானைத் தொழிற்சாலையில் நீயும் நானும் எதிரெதிரே நின்று, ஒன்பது வருடம் அடுத்தவர்கள் தைத்த சட்டைகளைப் புரட்டிப் பிழை பிடித்த அந்த நீள மேசை முழுவதும் இதே வாசம்தான்.

நீ மவுத்தாகி இரண்டு வருடமாகிறது. பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. உன்னைக் கிடத்திய சந்தூக்கை ஒழுங்கையால் தூக்கிப் போனபோது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் உன்னைப் பொறுமையான, வாய் பேசாத மனுசி என்றார்கள். அவ்வளவு துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பகல் ளுஹர் தொழ ஐந்து நிமிடம் தர மாட்டேன் என்ற சூப்பர்வைசரிடம், "எட்டு மணித்தியாலம் என்ட கை ஒங்களுக்கு. அஞ்சு நிமிஷம் என்ட நெத்தி எனக்கு" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அவன் கண் முன்னாலேயே வெட்டுத் துணிக் குவியலுக்குப் பக்கத்தில் தொழுகைப் பாயை விரித்தவளை அவர்கள் பார்த்ததில்லை. மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான்காம் நாள் வந்து அதே இடத்தில் விரித்தாய். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆனால் நீ அதிகம் சண்டை பிடித்தது உன்னோடுதான். சாப்பாட்டு நேரத்தில் யாராவது இல்லாதவளைப் பற்றிப் பேச்செடுத்தால், பாதிப் பார்சலோடு எழும்பிப் போய்விடுவாய். "பெரிய வலி" என்று இறைநேசர் பட்டம் கட்டி உன்னைப் பகிடி பண்ணுவோம். உனக்கும் கேட்க ஆசைதான் என்று ஒருநாள் என்னிடம் ஒப்புக்கொண்டாய். "ஆச ஈக்கிறதாலதான் எழும்பிப் போற. மத்தவளுக சட்டையில பிழ பிடிக்க நமக்குச் சம்பளம் தாறாங்க. நம்மட பிழைய ஆரு புள்ள பிடிக்கிற?"

நான் கேட்டுச் சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் மிக நன்றாகக் கதை சொல்பவள் நான்தானே.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் யாழ்ப்பாணத்து ரீச்சரும் மகளும் வாடகைக்கு இருந்தார்கள். இடம்பெயர்ந்து வந்தவர்கள். மகள், டியூஷன் வகுப்புகளுக்கான குறிப்புகளைத் தட்டச்சு செய்து, ரோனியோ மெஷினில் படி எடுத்துக் கொடுப்பாள். பெட்டி பெட்டியாகக் காகிதம் ஏறும், இறங்கும். ரீச்சர் பால்கனி கழுவும் தண்ணீர் எங்கள் கொடியில் காயும் உடுப்பில் கொட்டும். இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை கொட்டியபோது சந்திக் கடைக்குப் போய், கடைக்கார அம்மாவிடம் சிங்களத்தில் சொன்னேன்: "மேல் வீட்டுப் பெட்டை ஏதோ பெட்டிகளை ஏற்றி இறக்குகிறாள். உள்ளே என்ன இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். என் தங்கச்சியே அவளிடம் கணக்குக் குறிப்பு வாங்கியிருந்தாள். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். ஊரில் குண்டு வெடித்து ஒரு கிழமைகூட ஆகாத நாட்கள் அவை.

மூன்றாம் நாள் காலையில் பொலிஸ் ஜீப் வந்தது. மெஷினையும் பெட்டிகளையும் இறக்கினார்கள். பிறகு அந்தப் பிள்ளையை இறக்கினார்கள். ரீச்சர் செருப்பில்லாமல் பின்னால் ஓடி வந்தா. "அது பள்ளிக்கூடக் கணக்கு சேர், ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோ" என்று ஒவ்வொரு தாளாகத் தூக்கிக் காட்டினா. நான் எங்கள் கதவுக்குப் பின்னால் நின்றேன். நோன்பு ஆறோ ஏழோ.

அடுத்த நாள் பஸ்ஸில் உன்னிடம் சொன்னேன். நீ ஆறுதல் சொல்வாய், அல்லாஹ் மன்னிப்பான் என்பாய் என்றுதான் சொன்னேன். நீ என் பக்கம் திரும்பிக் கேட்டாய்:

"நீ நோம்பா?"

"ஓ. அது என்ன கேள்வி?"

"வகுத்துக்கு மட்டும் நோம்பு பிடிச்சு என்ன புள்ள செய்ய?"

"தவ்பா செய்றன், அல்லாஹ்ட மன்னிப்புக் கேக்கிறன். எத்தின ரக்அத் வேணுமெண்டாலும் தொழுறன்."

"அல்லாஹ்ட களவெடுத்திருந்தா அல்லாஹ்ட கேளு. நீ எடுத்தது ரீச்சர்ட புள்ளைய. சொன்ன வாயாலேயே போய்த் திருப்பிச் செல்லு."

"பொலிஸிலயா? என்னயும் உள்ளுக்குப் போடுவானுகள்."

"போட்டா போடட்டும். நான் விடிய முந்தி ஸஹருக்குச் சோறு கொண்டு வாறன்."

கூடப்பிறந்த மூத்தவரான என் நானா உன்னை வாசலில் வைத்தே ஏசினார். "நம்ம சோனகர், முஸ்லிம் ஆக்கள். நமக்கு இந்த ஊருல நிம்மதியா இரிக்க ஏலாதா? அவங்கட பிரச்சினைக்குள்ள இவள எனத்துக்கு இழுக்கிறாய்?" நீ முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குரல் உயர்த்தாமல் சொன்னாய்: "இழுத்தது நானில்ல நானா. இவட நாக்கு. இப்ப அதக் கூட்டிக்கொண்டுதான் போறன்."

பொலிஸ் நிலையத்து மர வாங்கில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள் சம்பளம் போயிற்று என்று நான் முனகியபோது நீ என் முழங்காலைக் கிள்ளினாய். கடைசியில் ஒரு அதிகாரி கூப்பிட்டார். மேசைக்கு முன்னால் போனதும் என் சிங்களம் எல்லாம் வற்றிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நீ எனக்காகப் பேசுவாய் என்று நினைத்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்தக் கோபத்தில்தான் பேச்சு வந்தது.

"நான் கடையில் சொன்னது பொய். பெட்டியில் கணக்குப் பாடம்தான் என்று எனக்குத் தெரியும். துணி நனைந்த ஆத்திரத்தில் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் பேனாவை மூடினார். "நோனா, உங்களை யார் பயமுறுத்தியது? அந்தத் தமிழர்களா?"

"யாரும் இல்லை. அல்லாஹ்."

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான். பொய்த் தகவல் கொடுத்ததற்கு என்னையே அடைக்கலாம் என்றார் அதிகாரி. "அடையுங்கள். அதையும் எழுதிவிட்டு அடையுங்கள்" என்றேன். எனக்குள் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பது அதுவரை எனக்கே தெரியாது. அவர் பேனாவைத் திறந்தார். எழுதியதை நான் சொல்லுக்குச் சொல் வாசித்துக் கையெழுத்து வைத்தேன்.

கதவு உடனே திறந்துவிடவில்லை. புதுக்கடை நீதிமன்றத்தில் ரீச்சர் பிடித்திருந்த வழக்கறிஞரிடம் நாமே போய், அப்படி ஒரு வாக்குமூலம் இருக்கிறதென்று சொன்னோம். அந்தப் படிகளில் ஏறி இறங்கி, நோன்பு முடிந்து, பெருநாளும் போயிற்று. நான் புது உடுப்பு உடுக்கவில்லை. நீ அதைப் பார்த்து, "இதுவும் பெரும காட்டுறது. உடு" என்று அதட்டினாய். என் பிழையைக்கூட அலங்காரமாக்க நீ விடவில்லை. பெருநாளுக்குப் பின் பத்தாம் நாளோ என்னவோ, அந்தப் பிள்ளை விடப்பட்டாள். மெலிந்து வந்தாள். யார் பின்னால் நடந்தாலும் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

மேல்மாடிக்கு நான் தனியாகத்தான் ஏறினேன். உன்னைக் கூப்பிட்டதற்கு நீ வரவில்லை. ரீச்சர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டா.

"நீங்கள் பொலிசிலை போய்ச் சொன்னதை லோயர் சொன்னவர். அது பெரிய காரியம், ஓம். அதுக்கு நன்றி."

"என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க ரீச்சர்."

"இல்லைப் பிள்ளை. என்னாலை ஏலாது. என்ர பிள்ளை இப்பவும் இரவிலை லைற்றை நூத்து இருட்டாக்க விடுறாளில்லை. நான் மன்னிச்சனான் எண்டு வாயாலை சொன்னால் அது பொய். உங்களுக்குத்தான் பொய்யின்ர விலை தெரியுமே."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அடித்துச் சாத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கீழே வந்து உன்னிடம் அழுதபோது, "கேக்கிறது ஒன்ட வேல. தாறதும் தராததும் அவட வேல. அதுல நமக்கு உரிம இல்ல" என்றாய். அடுத்த வருடம் அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். என்னிடம் விலாசம் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த ஒழுங்கையில் எனக்கு நெடுநாள் நல்ல பெயர் இருக்கவில்லை. புலிக்காரிக்குச் சாட்சி சொன்னவள் என்றார்கள் சிலர், காட்டிக் கொடுத்தவள் என்றார்கள் வேறு சிலர். எனக்கு வந்த ஒரு சம்பந்தமும் அதனால் நின்றது. வருந்துகிறாயா என்று நீ ஒருமுறை கேட்டாய். இல்லை என்றேன். அன்று உன் முகத்தில் வந்த சிரிப்பை எந்தப் புகழ்ச்சிக்கும் மாற்ற மாட்டேன்.

பிறகு முஸ்லிம்களைச் சந்தேகப்படும் ஒரு காலமும் வந்தது. எங்கள் வீட்டுப் பெட்டிகளையும் கிளறிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டைப் பற்றி என்னிடமும், என்னைப் பற்றிப் பக்கத்து வீட்டிலும் விசாரித்தார்கள். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்ட சீருடைக்காரரிடம், "நினைப்பதை எல்லாம் சொல்வதில்லை. கண்டதைக் கேளுங்கள். ஒன்றும் காணவில்லை" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியதில்லை.

பெண்கள் கூடும் இடங்களில் இன்று, அழுது துஆ கேட்டால் எல்லாப் பாவமும் கழுவப்பட்டுவிடும் என்று எளிதாகப் பேசுகிறார்கள். என் கதையைக் கேட்டவர்கள், "அது யுத்த காலம், விடுங்க ராத்தா" என்கிறார்கள். நான் விடமாட்டேன். யுத்தம் என் வாயைத் திறக்கவில்லை, நான் திறந்தேன். திருத்திக்கொள்வது என்றால் மறந்துவிடுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அவர்கள் இல்லாதவளைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கும் கேட்க ஆசை வருகிறது, இந்த வயதிலும். எழும்பிப் போகிறேன்.

மறுமையில் ரீச்சர் என் முந்தானையைப் பிடித்து நிறுத்துவா. அது அவவின் உரிமை. பிடிக்கட்டும். நீ செய்த நன்மையைக் காட்டி அங்கே எனக்காகப் பரிந்து பேச வந்துவிடாதே. பொலிஸிடம் சொன்னதை அல்லாஹ்விடமும் நானே சொல்லிக்கொள்வேன்: நான் சொன்னது பொய், தெரிந்தேதான் சொன்னேன்.