நைனா நிழலில் காயவைத்த சட்டை

காத்திவாக்கம்,
மாசி, 2006

அன்புள்ள சௌமியா கண்ணுக்கு, அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் நைனாவும் நல்ல சுகம், அங்கே நீயும் உன் டப்ளின் குளிரும் எப்படி இருக்கிறீர்கள், காதை மூடாமல் ஆஸ்பத்திரி டியூட்டிக்கு ஓடாதே. நீ விமானம் ஏறினதிலிருந்து உன்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷனுக்குப் போய் சட்டை அனுப்பியிருக்கிறாயே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவரும் எனக்கு இன்னாத்துக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அந்த லயோசெல் துணி, கழுவி எடுத்த வஞ்சிரம் மாதிரி அப்படி ஒரு வழுவழுப்பு, எப்படியாவது போட வைத்துவிடலாம் என்று ஒரு தடவை அலசப் போனேன். கவிச்சி போக நம் வீட்டில் எல்லாத் துணிக்கும் சோடா போட்டுச் சுடுதண்ணி ஊற்றுவதுதானே வழக்கம், கை தன்னால் அதையே செய்தது. பாதிச் சட்டை நனைவதற்குள், வாசலில் வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டார். மரத்துல எடுத்த நூலும்மே அது, சுடுதண்ணில சுருங்கிப்பூடும், பச்சத்தண்ணி ஊத்து, முறுக்கிப் பிழியாத, வெயில்ல போடாத என்கிறார். எல்லாம் நீ போனில் என்னிடம் சொன்னதுடி, நான் ஸ்பீக்கரில் போட்டுத்தானே பேசுகிறேன், கேட்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு சொல் விடாமல் மனசில் வைத்திருக்கிறார்.

அப்புறம் அவரே அலசி, துண்டில் சுற்றி ஈரத்தை ஒற்றி, கயிற்றுக்கட்டிலில் விரித்து, தையலைத் தடவித் தடவி இழுத்துவிட்டார். மத்தியானம் பூராவும் ஜன்னல் வெயில் கிட்டே வர வரக் கட்டிலை நகர்த்திக்கொண்டே இருந்தார். கடல்காற்றில் சட்டை லேசாக எழும்பி அமிழ்ந்தது, சின்னதில் நீ அதே கட்டிலில் தூங்குவாயே, அப்படி. எண்ணூர்ப் புகைபோக்கியின் புகைகூட அன்றைக்கு அவசரமில்லாமல் போனது, நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். இன்னாய்யா, பொண்ணு மேல இவ்ளோ ஆசைய வெச்சிகினு பேசாம கீறியே என்று கேட்டேன். போவக்கூடாதுன்னு தடுத்தவன் நானு, இப்போ எந்த மூஞ்சிய வெச்சிகினு பேசறது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சட்டைக் கை மட்டும் ஒரு விரற்கடை ஏறிவிட்டது, என் சுடுதண்ணி உபயம். அதையே போட்டுக்கொண்டுதான் மீன் ஏலத்துக்குப் போனார், யாரும் கேட்காமலே பொண்ணு அனுப்சது என்று எல்லாரிடமும் சொன்னாராம், பக்கத்துவீட்டு ராஜாத்தி வந்து சொல்லிச் சிரித்தாள்.

எல்லையம்மன் உன்னை நோய்நொடி அண்டாமல் வைத்திருப்பாள் கண்ணு, வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மறக்காதே, பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும் நேரத்தில் நான் கோயிலுக்குப் போய்விடுவேன். மணி அடித்துக்கொண்டே இருந்தாலும் வைத்துவிடாதே. உன் நைனா போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், எடுக்கத்தான் கொஞ்ச நேரம் ஆகும்.

இப்படிக்கு,
உன் அம்மா பச்சையம்மா