வாப்பாவின் காலை மாத்திரை

சிங்கப்பூர், பிப்ரவரி 3, காலை

அன்பு ஸைஃப்,

இந்த மெயிலைப் பதறாமல் படி. நேற்று மாலை உங்கள் டன்லப் ஸ்திரீட் சாப்பாட்டுக்கடை அடுப்படியில் கொதி எண்ணெய் கவிழ்ந்து, வாப்பாவுக்கு நெஞ்சும் வயிறும் கைகளும் வெந்துவிட்டன. என் தீக்காய வார்டில்தான் இருக்கிறார். பேசுகிறார். “இது என் மகன் செஞ்ச மெஷின். எனக்கு ஒண்ணும் ஆகாது லா” என்று நர்ஸிடம் பெருமையடித்தார்.

மணிக்கொரு முறை சிறுநீரை அளந்து அந்த மெஷினில் பதிகிறோம். எவ்வளவு சலைன் ஏற்றலாம் என்று உன் மென்பொருள் சொல்கிறது. சிறுநீர் தாராளமாகப் போவதால் குறைக்கச் சொல்கிறது, குறைக்கிறோம். உம்மா பக்கத்திலேயே இருக்கிறார். சீக்கிரம் வா.

நிரஞ்சனா

ஜூரிக், பிப்ரவரி 3

நிரஞ்சனா,

இங்கே பனி. ஒரு விமானமும் கிளம்பவில்லை. கூண்டுக்கோழி மாதிரி ஏர்போர்ட்டுக்குள் சுற்றுகிறேன்.

குறைக்கச் சொன்னால் நல்ல செய்தி. உடம்பில் நீர் போதும் என்று அர்த்தம். அதை நம்பு. மகன் வருகிறான் என்று வாப்பாவிடம் சொல்.

ஸைஃப்

சிங்கப்பூர், பிப்ரவரி 3, மாலை

ஸைஃப்,

நம்ப முடியவில்லை. நாக்கு வறண்டு கிடக்கிறது, நாடி படபடவென ஓடுகிறது, கால் சில்லிடுகிறது. சிறுநீர் மட்டும் குறையாததால் உன் மென்பொருள் இன்னும் குறை என்கிறது. மறுத்தால் காரணம் கேட்கிறது. ‘மனசு கேட்கவில்லை’ என்பது அதன் காரணப் பட்டியலில் இல்லை. டாக்டர்கள் சும்மா மறுக்கிறார்கள் என்று, சொந்தக் காரணம் எழுதும் இடத்தை எடுத்தவனே நீதானே! பெரிய டாக்டரோ, “மெஷின் சொல்றத செய்ங்க” என்கிறார். நமக்குத் தெரியாதது ஏதோ இருக்கிறது. என்ன அது?

நிரஞ்சனா

ஜூரிக், பிப்ரவரி 3

மாத்திரை! வாப்பாவின் பிரஷர் மாத்திரை உடம்பு நீரைச் சிறுநீராக வெளியே தள்ளும். அதைப் பார்த்துத்தான் மெஷின் ஏமாந்திருக்கிறது. உம்மா ஒருநாளும் அதைத் தவறவிட மாட்டார். அவர் கைப்பையைப் பார். மென்பொருளை விட்டுத் தள்ளு, சலைனைக் கூட்டு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸைஃப்

சிங்கப்பூர், பிப்ரவரி 4

ஸைஃப்,

போனில் என்னால் பேச முடியவில்லை. கைப்பையில்தான் இருந்தது. வாய் நனைக்கக் கொடுத்த தண்ணீரில் கரைத்து, அன்று காலை விட்டுப்போனதை வந்த இரவும், அடுத்ததை மறுநாள் காலையும் உம்மா ஊட்டியிருக்கிறார். “டாக்டருங்க மறந்துட்டாங்க, நான் மறப்பேனா?” என்றார். சலைனைக் கூட்டினேன். ரொம்பப் பிந்திவிட்டது. மாத்திரையால்தான் என்று உம்மாவிடம் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு.

நிரஞ்சனா

பிடோக், சிங்கப்பூர், பிப்ரவரி 20

நிரஞ்சனா,

நாளை நீ வருவதாக உம்மா சொன்னார். வராதே.

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், “கடைசி வரைக்கும் மாத்திரைய ஒருவேளை கூட தவறவிடல, அந்த நிம்மதி போதும்” என்கிறார். நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கே எழுந்து போவது?

வீட்டு மாத்திரை கொடுத்தார்களா என்ற கேள்வியை மென்பொருளில் சேர்த்துவிட்டேன்.

உன்மேல் கோபமில்லை. ஆனால் உனக்குப் பொய் வராது. உன் முகத்தைப் பார்த்தாலே உம்மாவுக்குத் தெரிந்துவிடும். அவர் இருக்கும்வரை இந்த வீட்டுப் பக்கம் வராதே.

ஸைஃப்