தம்பியின் நாற்காலி

கார்த்திகை, வெள்ளிக்கிழமை இரவு. இராஜபாளையம்.

பிரெஞ்சு தேசத்துக்குப் போய், ஷாம்பேன் ஊறுகிற நிலவறைகளைப் பார்த்து, ஒரு மாதம் ராஜபோகமாக இருந்துவிட்டு வரவேண்டும் என்பது என் தம்பியின் ஆசை. கொழும்பிலிருந்து கப்பலில் எங்கள் இருவருக்கும் முதல் வகுப்பில் இடம் சொல்லியிருந்தோம். ஆடியில் காலரா அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் இடத்தில் என் மனைவியின் தம்பி வருவதாக ஏற்பாடு.

அதைப் பேசி முடிக்கத்தான் மைத்துனன் இன்று சாயங்காலம் வந்தான். என் தம்பி மதராசிலிருந்து தருவித்திருந்த கடைசி ஷாம்பேன் புட்டியை என்னைக் கேட்காமலே திறந்தான். தக்கை வெடித்துத் தோட்டத்துக்குள் பறந்தது.

தம்பியின் வேட்டைநாய் வெள்ளையன் துள்ளி எழுந்தது. துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்திருக்கும். ஆனாலும் ஓடவில்லை. சுட்டு விழுந்த கவுதாரியை எடுக்கத் தம்பி சொன்னால்தான் போகும்; வேறு யார் சொன்னாலும் அசையாது. அவனுடைய காலி நாற்காலிக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தது.

மைத்துனன் சிரித்தான். "ஏலே, அங்க ஆரு இருக்கா? நான் சொல்லுதேன், போலே!"

அது அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்துத் திடீரென்று பாய்ந்து ஓடியது. தக்கையைக் கவ்விவந்து நாற்காலியின் கீழே வைத்தது. பிறகு, யாரோ தலையைத் தடவிக் கொடுப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

 மைத்துனன் குடிக்காமலே தம்ளரைக் கீழே வைத்தான்.

"அத்தான், நான் கப்பலுக்கு வரலை."

"ஏன்?"

"அவிய இடம் இன்னும் காலியாகலை."